மூன்று துண்டாக அறுத்த ஜப்பான்

"புதுப் புத்தகத்த ஏன் சார் அறுக்கச் சொல்றீங்க?"

திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு சந்தில் கணக்குப் பேரேடும் பள்ளிக்கூடப் பதிவேடும் தைக்கிற பைண்டிங் கடை. கையில் இருந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கடைக்காரர். ஜப்பான் முழுமைக்குமான ஆங்கில வழிகாட்டி; ஏறக்குறைய 900 பக்கம், விலை 1,800 ரூபாய். வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பார்த்ததில் 720 கிராம். அரைப்படி அரிசியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாள் கோயில் கோயிலாக ஏறி இறங்க எனக்குத் தெம்பில்லை என்று சொன்னேன். அவர் முதுகுப் பகுதியை நகத்தால் கீறிப் பார்த்தார். "இது தையல் இல்ல சார், வெறும் பசை. அறுத்தா தாள் தாளா உதிரும். நான் நூல் போட்டுத் தச்சுக் குடுத்துடறேன்."

மறுநாள் மூன்று துண்டாக வந்தது. டோக்கியோவும் சுற்றுவட்டாரமும் ஒன்று. கியோட்டோ, நாரா, கோயாசான் ஒன்று. ரயில், பணம், உணவு, பேச்சுமொழி என்கிற பின்பக்கங்கள் ஒன்று. முதுகில் காடாத் துணி ஒட்டியிருந்தார். ஹொக்காய்டோ, ஒகினாவா முதலான மிச்ச ஜப்பான் ரப்பர் பேண்டு போட்டு வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. கூலி 150 ரூபாய். இந்தப் பயணத்துக்காக நான் செய்த செலவில் இதைவிட உருப்படியானது இன்னொன்று இல்லை.

செல்போன், இயர்போன், ஸ்கூட்டர் என்று விமர்சனம் எழுதுகிற கை இந்த முறை ஒரு புத்தகத்தைப் பிடித்திருக்கிறது. காரணம் உண்டு. 2024 நவம்பரில் நான், மனைவி, எழுபத்தொரு வயது அம்மா மூவரும் ஜப்பான் போனோம். மூவருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. அம்மாவுக்கு முட்டைகூட ஆகாது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து டோக்கியோ. போவதற்கு நான்கு மாதம் முன்பே வழிகாட்டி தேட ஆரம்பித்து, ஒன்று வாங்கப் போய் ஆறு சேர்ந்துவிட்டது: தடிப்புத்தகம், அதன் மின்னூல் பதிப்பு, அலுவலக நண்பர் கொடுத்த அதே புத்தகத்தின் 2017 பதிப்பு, படம் நிறைந்த ஒல்லிப் புத்தகம் ஒன்று, இணையம் இல்லாமலே படிக்கும்படி செல்போனில் இறக்கிய விக்கிவாயேஜ் என்கிற இலவச வழிகாட்டி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடி. ஆறையும் கூடவே கொண்டுபோனேன்.

கடையில் நிற்கும்போது எந்தப் புத்தகம் நல்லது என்று எப்படித் தெரியும்? ஜப்பானைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஊரைப் பற்றி ஒருவர் சொல்வது சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்ல? எனக்குத் தோன்றிய வழி இது. அதே பதிப்பகம் போட்ட தென்னிந்தியப் புத்தகத்தை அதே அலமாரியிலிருந்து எடுத்து, திருச்சி பக்கத்தைத் திறந்தேன். அது நம்ம ஊர். அங்கே யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

நான் பார்த்தது மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் இருக்கிறதா என்பதை அல்ல. அவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். 1987-இல் கட்டி முடித்த ராஜகோபுரத்தைப் பழங்காலத்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டும் சத்திரம் பஸ் ஸ்டாண்டும் வேறு வேறு என்று சொல்கிறார்களா என்று பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு தடவையாவது அலைந்தவருக்குத்தான் அந்த வேறுபாட்டை எழுதத் தோன்றும். வெயில் ஏறினால் மலைக்கோட்டைப் படி காலைச் சுடும் என்கிற எச்சரிக்கை இருக்கிறதா? ஒரு பதிப்பகத்தின் புத்தகம் திருச்சியை ஐந்து வரியில் முடித்து, மீதிப் பக்கத்தை ஓட்டல் பெயர்களால் நிரப்பியிருந்தது. இன்னொன்று பஸ் ஸ்டாண்டு விஷயத்தைச் சரியாகச் சொல்லி, ஸ்ரீரங்கத்தில் எந்தச் சுற்றுவரை யார் போகலாம் என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது பதிப்பகத்தின் ஜப்பானை வாங்கினேன். (2025-இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் வந்த பிறகு அந்தப் பக்கமும் பழசாகிவிட்டது. அது வேறு கதை.)

மலைக்கோட்டையில் எத்தனை படி என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். இந்த இடத்தில் கார்ல் பேடேக்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1827-இல் ஜெர்மனியின் கோப்ளென்ஸில் பதிப்பகம் தொடங்கியவர். மிலான் தேவாலயத்தின் உச்சிக்கு ஏறும்போது, இருபது படிக்கு ஒரு பட்டாணியை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொண்டே போனாராம். இறங்கும்போது மறுபடி எண்ணிச் சரிபார்த்தாராம். பார்த்தே தீரவேண்டிய இடத்துக்கு நட்சத்திரம் போடும் பழக்கத்தைப் பரப்பியவரும் அவர்தான். லண்டனில் ஜான் மர்ரே 1836-இல் தன் முதல் கைப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். அந்த வரிசையில் 1859-இல் வந்த இந்தியப் புத்தகம் சென்னை, பம்பாய் மாகாணங்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. ஜப்பானுக்கு எர்னஸ்ட் சாட்டோ என்கிற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி இன்னொருவரோடு சேர்ந்து 1881-இல் ஒரு கைப்புத்தகம் எழுதினார். பின்னாளில் அதுவும் மர்ரே வரிசைக்கு வந்துசேர்ந்தது. ஆக, எந்த ஊருக்குப் போனாலும் ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைவது இருநூறு ஆண்டுப் பழக்கம். அந்தப் பட்டாணிக் கணக்கைத்தான் நான் ஒவ்வொரு வழிகாட்டியிலும் தேடினேன்: எழுதியவர் ஏறிப் பார்த்தாரா, கீழே நின்றே எழுதினாரா?

சரி, சோதனைக்கு வருவோம்.

ஆறுக்கும் பொதுவாக மூன்று பொறிக் கேள்வி தயார் செய்தேன். மூன்றும் சமீபத்தில் விடை மாறிப்போனவை. விடியற்காலை சூரை மீன் ஏலத்தை எங்கே பார்க்கலாம்? கியோட்டோவில் பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் சீட்டு எங்கே கிடைக்கும்? டீம்லேப் பார்டர்லெஸ் என்கிற ஒளிக்காட்சிக்கூடம் டோக்கியோவில் எந்தப் பகுதியில் இருக்கிறது?

நான் தெரிந்துகொண்டு போன விடை: சுகிஜி மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்குப் போய்விட்டது, சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச்சந்தையின் கடைகள் மட்டும்தான். கியோட்டோ பஸ் சீட்டின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது சுரங்கரயிலும் பஸ்ஸும் சேர்ந்த 1,100 யென் சீட்டுதான். பார்டர்லெஸ் ஒடாய்பாவில் மூடப்பட்டு, 2024 பிப்ரவரியில் அசாபுதாய் ஹில்ஸில் திறந்தது.

2017 பதிப்பு மூன்றிலும் தோற்றது. அது அதன் குற்றமில்லை. பார்டர்லெஸ் அப்போது பிறக்கவே இல்லை. தடிப்புத்தகமும் மின்னூலும் முதல் கேள்வியில் சரி, மற்ற இரண்டிலும் பழைய விடை. ஒல்லிப் புத்தகம் மூன்றாவதை மட்டும் சரியாகச் சொன்னது, பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. விக்கிவாயேஜ் மூன்றும் சரி. உரையாடிதான் வேடிக்கை. மூன்றுக்கும் தயக்கமே இல்லாமல் பதில் சொன்னது. காலை மூன்று மணிக்குச் சுகிஜி வாசலில் வரிசையில் நிற்கவேண்டும் என்றும், கம்பளிச் சட்டை எடுத்துப் போகவேண்டும் என்றும் அக்கறையாக வேறு சொன்னது. ஏலம் அங்கே நடப்பதில்லையே என்று கேட்டதும், "நீங்கள் சொல்வது சரிதான்" என்று உடனே ஒப்புக்கொண்டது. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் வழி சொல்கிற உறவுக்காரர் ஒருவர் இருப்பாரே, அவர் நினைவு வந்தது. புத்தகம் தப்பாகச் சொன்னால், குறைந்தபட்சம் எந்த ஆண்டில் அது சரியாக இருந்தது என்பது அதன் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது.

அந்த முதல் பக்கத்தை, பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை, வாங்கும்முன் எல்லாரும் திறந்து பார்க்கவேண்டும். அட்டையில் போட்டிருக்கிற ஆண்டை நம்பக்கூடாது. உள்ளே இருக்கும் ஆண்டுக்கும் எழுதியவர் ஊரைச் சுற்றிய காலத்துக்கும் நடுவே இன்னும் ஓர் ஆண்டாவது போயிருக்கும். என் தடிப்புத்தகம் "புதிய பதிப்பு" என்று அட்டையில் கத்தியது. கின்ககுஜி தங்கக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் 400 யென் என்று உள்ளே போட்டிருந்தது. வாசலில் வாங்கினது 500. இந்த நூறு யென்னுக்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ரயில் பாஸ் விஷயம் அப்படியல்ல.

ஜப்பான் போகிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "ஜேஆர் பாஸ் வாங்கிடுங்க." ஏழு நாளைக்கு நாடு முழுக்க ஜேஆர் ரயிலில் போகலாம். 2023 செப்டம்பர் வரை அதன் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் புல்லட் ரயிலில் ஒரு தடவை போக ஏறக்குறைய 14,000. போய்வந்தாலே பாஸ் காசு கிட்டத்தட்டத் திரும்பிவிடும், நாரா போய்வருவது லாபம். அதனால் பழைய புத்தகங்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லின. 2023 அக்டோபரில் விலை 50,000 யென் ஆனது. எங்கள் பயணத்துக்குத் தனித்தனியாகச் சீட்டெடுத்தால் ஆளுக்குச் சுமார் 30,000. மூன்று பேருக்குக் கணக்குப் போட்டால் அன்றைய மாற்று விலையில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அதிவேகமான நொசோமி ரயிலில் ஏற பாஸ்காரர்கள் மேல்கட்டணம் கட்டவேண்டும். சீட்டெடுத்தவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. நான் நண்பரின் 2017 புத்தகத்தை மட்டும் நம்பிப் போயிருந்தால், அந்த ஒரு பக்கத்துக்கு முப்பதாயிரம் அழுதிருப்பேன்.

ஆனால் அதே 2017 புத்தகத்தின் கோயில் பக்கங்களில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோயாசான் மலையில் கூக்காய் என்கிற துறவி 816-இல் இடம் பெற்று மடம் அமைத்தார் என்பது எந்தப் பதிப்பில் மாறும்? புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் பால் மாதிரி, மறுநாளே திரிந்துவிடுகின்றன. மீதிப் பாதி ஊறுகாய். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்து விற்பதுதான் இந்தப் பண்டத்தின் பிரச்சினையே.

இனி வயிறு. இந்த ஆறு வழிகாட்டிகளுக்கும் நான் வைத்த பரீட்சைகளில் அம்மாவின் வயிறுதான் கடினமானது.

இரண்டாம் நாள் மதியம் டோக்கியோவில், சைவ உணவகங்களைக் காட்டும் ஒரு செயலி சொன்ன கடைக்குப் போனோம். பச்சை இலைக் குறி போட்டிருந்தது. காய்கறி உடோன் என்று படத்தைக் காட்டிக் கேட்டோம். கொழகொழவென்று வெள்ளை நூடுல்ஸ், மேலே கீரை, காளான், கேரட். தெளிந்த ரசம் மாதிரி குழம்பு. அம்மா கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார்.

"ஏன்டா, கருவாட்டு வாசனை வருதே."

அம்மா சொன்னது சரி. அந்தத் தெளிந்த நீரின் பெயர் தஷி. ஜப்பானியச் சமையலில் நம்ம ஊர்ப் பருப்புத் தண்ணி மாதிரி எல்லாவற்றுக்கும் அதுதான் அடி. பெரும்பாலும் கட்சுவோ என்கிற மீனைப் புகைபோட்டுக் காயவைத்து, மரத்தூள் மாதிரி சீவி, அதைக் கொதிநீரில் போட்டு எடுப்பது. மிசோ சூப்பிலும் இருக்கும், வேகவைத்த காயிலும் இருக்கும், சில இடத்தில் டோஃபு மேலேயும் தூவுவார்கள். "நான் சைவம்" என்றால் துண்டு மீனைத்தான் எடுப்பார்கள். குழம்பின் அடியில் கரைந்த மீனை அவர்கள் மீனாகவே எண்ணுவதில்லை. இதை நான் அறுத்துவைத்த மூன்றாம் துண்டில், உணவுப் பகுதியில், கட்டம் கட்டி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். படிக்காமல் விட்டது என் தப்பு. ராத்திரி அறையில் அதைப் படித்துவிட்டு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன்: தஷி மோ தபேராரெமாசென். தஷியும் சாப்பிடமுடியாது. சைவம் என்ற சொல்லைவிட இந்த மூன்று சொல்தான் எங்களைக் காப்பாற்றியது. கடைக்காரர்கள் இதைக் கேட்டதும் ஒரு கணம் யோசிப்பார்கள். சிலர் கையைக் குறுக்கே வைத்து முடியாது என்பார்கள். அந்த மறுப்புக்குக்கூட நாங்கள் நன்றி சொன்னோம்.

கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலியும் கைகொடுத்தது, பாதிவரை. நள்ளிரவிலும் திறந்திருக்கும் சிறுகடையில் சோற்று உருண்டை வாங்கினேன். முன்பக்கம் கேமராவைப் பிடித்தால் "பிளம் ஊறுகாய்" என்றது. சரி, எடுத்தாகிவிட்டது. சந்தேகத்தில் பின்பக்கம் திருப்பி, எறும்பு மாதிரி எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலில் பிடித்தேன். எழுத்துகள் திரையில் நடுங்கின. ஒரு முறை "சுவையூட்டி", இன்னொரு முறை "போனிடோ", மறுபடியும் "சுவையூட்டி". செல்போனை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது "போனிடோ" நிலைத்தது. அதே கட்சுவோ மீன்தான். அதன் பிறகு கட்சுவோ என்பதன் மூன்று ஹிரகானா எழுத்துகளை ஒரு துண்டுத்தாளில் பெரிதாக எழுதி மனைவி கைப்பையில் வைத்துக்கொண்டாள். பொட்டலத்தையும் தாளையும் அருகருகே வைத்து உருவத்தைப் பார்ப்பாள். செயலியைவிட வேகம்.

ஒல்லிப் புத்தகத்தில் தஷியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சைவ உணவு என்ற தலைப்பில் இரண்டு இந்திய ஓட்டல் பெயர் இருந்தது. அதோடு சரி.

கோயாசானில்தான் தடிப்புத்தகம் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நன்காய் நிறுவனத்தின் ரயிலில் மலையடிவாரம், அங்கிருந்து செங்குத்தாக ஏறும் கம்பிவட ரயில், அதன் பிறகு பஸ். அந்த மலையில் ஐம்பதையொட்டிய கோயில்கள் யாத்ரீகர்களுக்கு அறை கொடுக்கின்றன. சாப்பாடு ஷோஜின் ர்யோரி: மீன் கிடையாது, கறி கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது. தஷிகூடக் கொம்பு என்கிற கடற்பாசியிலும் காளானிலும்தான். இதைச் சொன்ன பக்கத்தின் ஓரத்திலேயே, விடியலில் நடக்கும் கோமா சடங்கைத் தவறவிடாதீர்கள், அந்தச் சொல்லே சமஸ்கிருத ஹோமத்திலிருந்து வந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அம்மாவைக் குளிரில் எழுப்பிக் கூட்டிப்போனேன். அறை இருட்டு. நடுவே தீ. துறவி மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக இடுகிறார், மந்திரம் ஓடுகிறது, மேளம் அதிர்கிறது. அம்மா என் கையைப் பிடித்தார். "இது நம்ம ஹோமம்டா!" முதல்முறையாக வெளிநாட்டில் இருக்கிறோம் என்கிற பயம் அவர் முகத்தை விட்டுப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலை உணவில் கோயாசான் பெயரையே கொண்ட, உறையவைத்து உலர்த்திய டோஃபு வந்தது. பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. "விரதச் சாப்பாடுதான், ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார்.

கோமா அங்கே நடக்கிறது என்று விக்கிவாயேஜும் சொல்லக்கூடும், உரையாடியும் சொல்லும். இதற்காக எழுந்திரு, மற்றதை விட்டாலும் பரவாயில்லை என்று ஒரு ஆள் சொல்வதற்குத்தான் நான் 1,800 ரூபாய் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

வரைபடம் என்று வந்தால் அச்சுப்புத்தகம் வேண்டாம், அதிகம் பேச ஒன்றுமில்லை. ஷிஞ்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல். எந்தப் புத்தகத்தின் அரைப்பக்கப் படமும் அங்கே எடுபடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் நாங்கள் போன பகுதிகளை முன்பே இறக்கி வைத்திருந்தேன். சிக்னல் இல்லாமலும் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். பேட்டரியும் அவ்வளவாகக் குடிப்பதில்லை. நிலத்தடியில் மட்டும் அந்த நீலப்புள்ளி குழம்பும். அங்கே தடிப்புத்தகம் சொன்ன ஒரு சின்ன உபாயம் உதவியது: டோக்கியோ சுரங்கரயிலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. கின்சா ஜி 09, அசாகுசா ஜி 19. கின்சாவிலிருந்து அசாகுசா போகும்போது எண் ஏறினால் சரியான திசை, இறங்கினால் எதிர்த்திசை. பெயரைப் படிக்கத் தெரியாத அம்மாகூட மூன்றாம் நாளிலிருந்து எண்ணைப் பார்த்து, "இன்னும் நாலு ஸ்டேஷன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மின்னூல்: வாங்காதீர்கள். சொல்லைத் தேடுவதற்கு நன்று, மற்றபடி தொல்லை. வரைபடம் தபால்தலை அளவுக்கு வரும், பெரிதாக்கினால் மங்கும். ஒரு கோயிலிலிருந்து அதன் அருகிலிருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போக நான்கு முறை தட்டவேண்டும். அச்சில் இரண்டு பக்கத்துக்கு நடுவே விரலை வைத்துக்கொண்டால் போதும்.

விக்கிவாயேஜ் இலவசம். ஜெர்மன் மொழியில் 2006-இல் தொடங்கி, 2013-இலிருந்து விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. கிவிக்ஸ் என்கிற செயலி வழியாக மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். வருவது எப்படி, உள்ளே சுற்றுவது எப்படி, பார்க்க, சாப்பிட, தூங்க என்று எல்லா ஊருக்கும் ஒரே வரிசை. பழகிவிட்டால் கண் தானே இடத்துக்குப் போகும். தன்னார்வலர்கள் எழுதுவதால் ஒரு ஊர் ஆழமாக இருக்கும், அடுத்த ஊர் மூன்று வரியில் முடியும். பஸ், ரயில், கட்டணம் போன்ற பால் பக்கங்களுக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. எந்த ஊருக்குப் போவது என்று முடிவெடுக்க மட்டும் இதை நம்பி உட்காரக்கூடாது. எல்லா ஊரையும் ஒரே குரலில் பேசும்.

ஒல்லிப் புத்தகத்தைப் பற்றி நான் முதலில் எழுதிவைத்த குறிப்பு, "வழுவழு தாள், கல்யாண ஆல்பம், தவிர்க்கவும்." அதை அடிக்கவேண்டி வந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவுதான் படிக்க வரும். தடிப்புத்தகத்தை நானும் மனைவியும் பிரித்து வைத்துக்கொண்டு இன்றைக்கு எங்கே என்று முடிவெடுப்போம், அம்மா பின்னால் வருவார். நான்காம் நாள் காலை, கியோட்டோ அறையில், ஒல்லிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செந்நிற வாயில்கள் வரிசையாக மலையேறும் ஃபுஷிமி இனாரி படத்தில் விரலை வைத்தார். "இங்க போலாமா?" அங்கே நாள் முழுக்கத் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. போனோம். மறுநாள் நாரா மான்கள். அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண்திறப்புச் செய்தவர் போதிசேனர் என்கிற இந்தியத் துறவி என்பதை நான் தடிப்புத்தகத்திலிருந்து படித்துச் சொன்னேன். அம்மா படத்திலிருந்த மானுக்கும் எதிரே நின்ற மானுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த மான் அவர் கையிலிருந்த ஒல்லிப் புத்தகத்தின் அட்டை ஓரத்தைத் தின்றுவிட்டது. இப்போது அதன் மதிப்பெண்ணை நான் குறைக்கமுடியாது.

தமிழில் ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். பயணக்கட்டுரைக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. 1930-களில் ஜப்பானுக்குப் புகைப்படக்கலை படிக்கப்போன ஏ.கே. செட்டியார் தொடங்கி, மணியன் வரை பெரிய வரிசை. ஆனால் பயணக்கட்டுரை வேறு, வழிகாட்டி வேறு. முன்னது எழுதியவரின் பயணம். அதில் அவர் தொலைந்துபோனால் நமக்குச் சுவை. பின்னது நம்முடைய பயணம். எந்த வாசலில் ஏறி, எவ்வளவு கொடுத்து, எந்தக் குழம்பில் கருவாடு இருக்கிறது என்று தமிழில் சொல்லும் ஜப்பான் வழிகாட்டி நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. நம்மவர்கள் இவ்வளவு பேர் போய்வருகிறார்கள். தஷி பக்கத்தை நம்ம வயிறுள்ள ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்!

முதல் பயணம், ஒரே நாடு, பத்து நாளுக்கு மேல் என்றால் தடிப்புத்தகத்தை வாங்குங்கள், புறப்படும்முன் படியுங்கள், அறுத்துத் தைத்துக் கொண்டுபோங்கள். உணவுப் பக்கத்தை விமானத்திலாவது படித்துவிடுங்கள். ஒரே ஊரில் நான்கு நாள் என்றால் ஒல்லிப் புத்தகமும் விக்கிவாயேஜும் தாராளம். கூட வருகிறவர்களில் ஆங்கிலம் படிக்காதவர் இருந்தால், பட்ஜெட் எதுவானாலும் படப்புத்தகம் ஒன்று அவர் கையில் இருக்கட்டும். பழைய பதிப்பு இனாமாகக் கிடைத்தால் மறுக்காதீர்கள்.

நாங்கள் திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து, அலுவலகத்தில் இன்னொருவர் குடும்பத்தோடு ஜப்பான் போவதாகச் சொல்லி, "உங்க புக்கைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார். காடாத் துணி போட்ட மூன்று துண்டையும் எடுத்துவைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் மூன்றாம் துண்டைத் திறந்து, ரயில் பாஸ் பற்றிய நான்கு பக்கத்தைக் கிழித்தேன். தையல் நன்றாக இருந்தது. மற்ற பக்கம் எதுவும் உதிரவில்லை.